காரைக்குடியில் அலுமினியப் படகுக்கு ரிவிட் அடிக்க ஒரு பட்டறை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையில், வாசலில் இரண்டு பழைய லாரி கேபின்கள் நிற்கிற ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில்தான் எங்கள் படகு சரியானது. பெயர்ப் பலகை கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. அலுமினியத்தில் ரிவிட் வேலை, அதாவது தகடுகளைத் துளைத்து ஆணி அடித்து இணைக்கிற வேலை, தெரிந்த ஆள் வேண்டுமென்றால் தாராளமாக இங்கே போகலாம், பெயின்ட் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், இந்த வேலைக்கு ஆள் தேடி நான் மூன்று மாதம் அலைந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம்.

படகு எங்கே கிடைத்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு கடையின் பின்பக்கம் மங்குச் சட்டிகளுக்கும் கதவு நிலைகளுக்கும் நடுவே கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். 12 அடி நீளம், குறுக்கே மூன்று இருக்கை, உடம்பு முழுக்க ரிவிட். ஒரு பெரிய வீட்டைப் பிரித்தபோது அதன் மூன்றாம் கட்டுப் பகுதியிலிருந்து வந்ததாம், அங்கே பல வருடமாக அதில் சுண்ணாம்பு மூட்டை போட்டு வைத்திருந்தார்களாம். கடைக்காரர் 18,000 சொன்னார், பேசிப் பேசி 14,500-க்கு முடித்தேன். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் எடைக்குப் போட்டு உருக்கியிருப்பார்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னமோ செய்கிறது.

என் மச்சான் எங்கள் ஊர்க் கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டு வளர்க்கிறோம், விரால் தானாகவே வந்துவிடும். இவ்வளவு நாளும் லாரி டியூபைக் கட்டி மிதந்துதான் வலை விட்டோம். கண்மாய்க்குள் வெட்டிய கருவேல மரங்களின் அடிக்கட்டை தண்ணீருக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும், டியூப் அதில் பட்டால் அவ்வளவுதான். ஒரு வருடம் பைபர் படகு வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம், கட்டையில் உரசி உரசி அடியில் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. அலுமினியத் தகடு அடிபட்டால் நெளியும், லேசில் கிழியாது. அப்புறம் எடை, இந்தப் படகு 60 கிலோதான், இரண்டு பேர் பிடித்தால் கரையேற்றிவிடலாம்.

ஆனால் வாங்கும்போது அது படகாக இல்லை, சல்லடையாக இருந்தது. சுண்ணாம்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு அரித்து ஓட்டை. புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களே, புளிப்பு மட்டுமில்லை, சுண்ணாம்பு, சோடா மாதிரிக் காரமும் அலுமினியத்தைத் தின்னும், மேலே இருக்கிற மெல்லிய ஆக்சைடு படலத்தை அது கரைத்துவிடுகிறது. பின்பலகை, கடற்கரையில் அமரம் என்பார்களே அந்தப் பக்கத்துப் பலகை, விரலால் குத்தினாலே தூளாக உதிர்ந்தது. யாரோ ஒரு காலத்தில் பித்தளை ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருந்தது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேறொரு ஊரில் ஒரு வெல்டிங் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஆர்கான் வெல்டிங் அடித்தால் ஓட்டை போய்விடும் என்றார்கள், நானும் நம்பினேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதன் மேலே இருக்கிற ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஏசி கரண்ட்டில் வைத்து, சூட்டை அளந்து அளந்து அடிக்க வேண்டும், அதுவும் ஒன்றரை மில்லி தகடு என்றால் கை ரொம்பப் பழகியிருக்க வேண்டும். அவர்கள் சுரண்டவும் இல்லை, அழுக்கு துடைக்கவும் இல்லை. இரண்டு அங்குலம் அடித்ததுமே தகடு அப்பளம் மாதிரி நெளிந்து, வெல்டிங்கை ஒட்டிப் புது விரிசல் ஓடியது. 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு ஒரு ஓட்டையை இரண்டாக்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம்தான் ஒரு லாரி டிரைவர் இந்தப் பட்டறையைச் சொன்னார். பட்டறைக்கார அண்ணன் கரூரில் பஸ் பாடி கட்டுகிற வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டை வரிசை வரிசையாக ரிவிட் அடித்துப் பழகிய கை. படகைப் பார்த்ததும், "தம்பி, இதை வெல்டிங் வைக்காதீங்க. இது ரிவிட்டுல பொறந்தது, ரிவிட்டுலதான் நிக்கும்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் முதல் நாள் செய்த வேலையை மட்டும் யாராவது பார்த்துக் கற்றுக்கொண்டாலே போதும். சுத்தியலைத் தொடவே இல்லை. படகை நிமிர்த்தி வைத்து, அடியில் குறுக்குச் சட்டம் வருகிற இடமாகப் பார்த்து மரக்கட்டை முட்டுக் கொடுத்தார், முட்டு சரியில்லாவிட்டால் தண்ணீர் எடையே தகட்டைத் தொய்ய வைத்துவிடும். அப்புறம் நான்கு விரல் உயரத்துக்கு உள்ளே தண்ணீர் விட்டு, அதில் சொட்டு நீலம் கலந்தார். பட்டறைப் பையன் மார்க்கரோடு கீழே படுத்துக்கொண்டான். வெளியே நீலம் கசிகிற ரிவிட்டுக்கெல்லாம் ஒரு வட்டம், வேகமாகச் சொட்டினால் இரண்டு வட்டம். சாயங்காலம் எண்ணினால் 61 இடம்! நாம் கண்ணால் பார்த்துத் தேடியிருந்தால் பத்துகூடத் தேறியிருக்காது.

61-ல் 38 ரிவிட் வெறும் தளர்ச்சிதான். உள்ளே பையன் கனமான இரும்புக் கட்டையை ரிவிட்டின் வாலில் அழுத்திப் பிடிக்க, வெளியிலிருந்து அண்ணன் தலையில் நாலைந்து தட்டு, இறுகிவிடும். இரண்டு பேருக்கும் நடுவே தகடு மறைக்கும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, ஆனாலும் தட்டுகிற சத்தத்தை வைத்தே பையன் கட்டையை நகர்த்துகிறான், நான் ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீதி 23 ரிவிட்டின் துளை பெரிதாகிவிட்டதால் துளைத்து எடுத்துவிட்டு ஒரு சைஸ் பெரிய கெட்டி ரிவிட் போட்டார். சாதாரண பாப் ரிவிட்டைத் தண்ணீருக்குக் கீழே போடவே கூடாது என்பது அவர் கட்சி, அதன் நடுவே துளை இருக்கிறது, அந்த வழியாகவே தண்ணீர் வரும், உள்ளே அறுந்து நிற்கிற ஆணி இரும்பு என்றால் அது வேறு துருப்பிடித்துச் சுற்றியிருக்கிற அலுமினியத்தையும் கெடுக்கும். முன்பக்க மூக்கில் கை நுழையாத நாலு இடத்தில் மட்டும் நுனி மூடிய பாப் ரிவிட், அதுவும் சீலன்ட் தோய்த்து.

ஓட்டைக்கு 5052 என்கிற, அரிப்பைத் தாங்கும் அலுமினிய ரகத் தகட்டில் பேட்ச். வெல்டிங்கில் வந்த விரிசலின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்திவிட்டுத்தான் மூடினார். பேட்ச்சின் மூலைகளை வட்டமாக வெட்டினார், கூர் மூலை என்றால் அங்கேதான் முதலில் தூக்கும். நடுவில் பாலியூரித்தேன் சீலன்ட் பரத்தி, முக்கால் அங்குல இடைவெளியில் சுற்றி ரிவிட்.

பின்பலகைக்குத்தான் பெரிய வாக்குவாதம். படகு வாங்கிய கடையிலேயே பர்மா தேக்குப் பலகை ஒன்று பார்த்து வைத்திருந்தேன், செட்டிநாட்டில் ஓடும் படகுக்குப் பர்மா தேக்கு இல்லாமலா என்று ஆசை. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, இருக்கைக்குப் போடுங்கள், பின்பலகைக்கு வேண்டாம், ஒற்றைப் பலகை ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கி மோட்டார் மாட்டுகிற இடத்தில் வெடிக்கும் என்றார். ஐ.எஸ். 710 என்கிற மரைன் பிளைவுட் தர முத்திரை போட்ட 18 மில்லிமீட்டர் பலகை இரண்டை, எபாக்ஸி என்கிற கெட்டிப் பசையில் ஒட்டி, நான்கு ஓரமும் எபாக்ஸி பூசினார். போல்ட் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதன் நடுவில் மறுபடி சரியான அளவில் துளைத்தார், இனி போல்ட் வழியாக மரத்துக்குத் தண்ணீர் போகாது. இவ்வளவு பொறுமையை நான் எதிர்பார்க்கவில்லை. இருக்கைக்கு என் தேக்கு வந்தது, அதில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் ஒட்டுவதற்கு முன் அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் என் பெரியப்பாவையும் சொல்ல வேண்டும். அவர் காரைக்குடியில் இருக்கிற சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்து, 1953-ல் திறந்த அந்த நிறுவனத்தில் உலோக அரிமானம் ஒரு முக்கியமான ஆராய்ச்சித் துறை, எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்குக்கூடப் பெரியப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் நட்டு வாங்குவோம். பட்டறைக்கு ஒரு நாள் வந்தவர், தரையில் போடத் தச்சர் எடுத்து வைத்திருந்த, செல் அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பச்சை நிறப் பலகையைப் பார்த்ததும் தூக்கி வெளியே போடச் சொன்னார். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது, ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் ஒரு பேட்டரி மாதிரி ஆகி, அலுமினியம்தான் கரையும், பித்தளை ஸ்க்ரூ செய்த வேலையும் அதுதான். அதே காரணத்துக்காக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுக்கு நைலான் வாஷர் போட வைத்தார். பட்டறை அண்ணன் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன், அவர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து டீ சொல்லிவிட்டு, "ஐயா, கடல் படகுல தகட்டுக்குப் பதிலா கரையறதுக்குத் துத்தநாகக் கட்டி வைக்கிறாங்களே, இதுக்கு வேணுமா" என்று கேட்டார். கண்மாய் நல்ல தண்ணீர், வைப்பதானால் மக்னீசியம்தான் வைக்க வேண்டும், தினமும் கரையேற்றுகிற படகுக்கு அதுவும் தேவையில்லை என்று பெரியப்பா சொன்னதை அவர் சுவரிலேயே சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டார்.

இருக்கைக்கு அடியில் பழைய தெர்மாகோல் தண்ணீர் குடித்து ஊறிக் கிடந்தது, அதை எடுத்துவிட்டோம். 60 கிலோ அலுமினியம் தண்ணீரில் முழுகினால் 22 கிலோ அளவுக்கு எடை குறையும், மீதி 38 கிலோவைத் தாங்க 40 லிட்டர் நுரைப் பலகை போதும், படகு நிரம்பிப்போனாலும் மூன்று பேர் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு 120 லிட்டர் வைத்தோம்.

நாங்கள் கேட்ட மாற்றங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது விளிம்பு. வலையை இழுக்கும்போது விளிம்பு ரிவிட் தலைகளில் நூல் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும் என்று மச்சான் சொன்னார், அண்ணன் பி.வி.சி. பைப்பை நீளவாட்டில் பிளந்து இரண்டு பக்கமும் கவிழ்த்து மாட்டிவிட்டார், செலவு 600 ரூபாய்கூட இல்லை. நடு இருக்கையை மீன் பெட்டியாக்கினோம், தரைக்கு ரப்பர் மேட். கயிற்றுப் பாய் போட நினைத்தேன், அது ஈரத்தைப் பிடித்து வைத்து அடியில் அரிக்கும் என்றார்கள்.

இப்போது குறைகள். மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஒன்பது வாரம் ஆனது. ஆடியில் விட்ட படகு ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தோடு பட்டறையிலேயே நின்றது. போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் கிடையாது, நோட்டில் எழுதிய கணக்குதான், ஆனால் அந்தக் கணக்கு ஒவ்வொரு ரிவிட்டுக்கும் சரியாக இருந்தது. பெயின்ட்டை அவர் அடிப்பதில்லை, பக்கத்தில் ஒருவரிடம் கொடுக்கிறார். அந்தப் பெயின்டர் எட்ச் பிரைமர், அதாவது அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிற அடிப்பூச்சு, போட்டது நல்லதுதான், ஆனால் நெளிவு தெரியாமல் இருக்கக் கார் மாதிரி பட்டி வைத்து இழைத்துவிட்டார், முதல் நாள் கட்டையில் பட்டதுமே பட்டி பெயின்ட்டோடு சேர்ந்து தட்டு தட்டாகப் பெயர்ந்தது. படகுக்கு நெளிவு இருந்தால் இருக்கட்டும். நான் அடிப்பக்கத்தை முழுக்கச் சுரண்டி வெறும் அலுமினியமாக விட்டுவிட்டேன், நல்ல தண்ணீரில் அது அப்படியே இருக்கும்.

பட்டறைக்கு மொத்தம் 31,000. புது பைபர் படகு வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, வாங்கியிருக்கலாம், எங்கள் கண்மாயில் அது எத்தனை வருடம் தாங்கும் என்பதையும் பார்த்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி, கார்த்திகையில் இறக்கினோம். முதல் நாள் ஐந்து மணி நேரம் வலை விட்டுத் திரும்பியபோது உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. போன வாரத்திலிருந்து முன்பக்கம் ஒரு ரிவிட் லேசாகக் கசிகிறது, போய்ச் சொன்னேன். தண்ணீர் வற்றட்டும், தையில் கொண்டு வாங்க, காசு வேண்டாம், நீலம் மட்டும் வாங்கிட்டு வாங்க என்றார்.