இரைப்பையா, பெருங்குடலா? தம்பிக்கு நாங்கள் எடுத்த முடிவு

கழிவறை ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், அதை யாராவது தெரியாமல் குடித்துவிடுவதும் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் கேள்விப்படாத சங்கதி இல்லை. என் தம்பிக்கும் அதுதான் நடந்தது. பலூன் வைத்து விரித்துப் பார்த்தும் உணவுக்குழாய் மறுபடி மறுபடி சுருங்கியது. அப்புறம் மாற்றுக்குழாய்தான். இரைப்பை தப்பியிருந்ததால் அதையே மேலே இழுத்துக் கழுத்தில் தைக்கலாம், அல்லது பெருங்குடலில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து பொருத்தலாம் என்றார்கள். இரைப்பையும் வெந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஆபரேஷன் என்று பார்த்தால் இரைப்பைதான் சுலபம், ஒரே இணைப்பு. பெருங்குடலுக்குக் கழுத்தில், இரைப்பையில், வெட்டிய குடலில் என மூன்று. தையல் கசியும் பயமும் அதற்கேற்ப.

சிறுகுடல் மூன்றாவது வழி. உணவைத் தள்ளுவதில் அதுதான் கெட்டி. ஆனால் கழுத்துவரை எட்ட அதன் ரத்தக்குழாய் பெரும்பாலும் போதாது.

நாங்கள் பெருங்குடலுக்குத் தலையாட்டியது ராத்திரித் தூக்கத்துக்காக. இரைப்பை மார்புக்குள் போய்விட்டால் சோறு தங்கும் பையும் சுருங்குகிறது, உணவு மேலே திரும்பாமல் உணவுக்குழாயின் அடியில் இருந்த தடுப்பும் போகிறது. படுத்தால் அமிலமும் பித்தமும் தொண்டைக்கு ஏறும். இருமல், புரையேறல், கழுத்தில் மிஞ்சிய உணவுக்குழாயில் புண். வயதானவர் தலையணையை உயர்த்திச் சமாளித்துவிடலாம். இருபதுகளில் இருப்பவன் எத்தனை வருடம் சாய்ந்தே தூங்குவான்? பெருங்குடலை வைத்தால் இரைப்பை வயிற்றிலேயே இருக்கும். நடுவில் நிற்கும் குடலும் அமிலத்தை ஓரளவு தாங்கும்.

ஆனால் எங்கே வைத்தாலும் குடல் குடல்தான். உட்புறத் தோல் மாறாது, சளி சுரந்துகொண்டே இருக்கும். விழுங்கியதை உணவுக்குழாய் மாதிரி அலையலையாகத் தள்ளாது. பெரும்பாலும் சோறு தன் எடையில்தான் இறங்குகிறது. அமிலம் பட்டால் சுருங்கிக் கீழே அனுப்பும் பழக்கம் மட்டும் உண்டு. தம்பி இட்லியைச் சாம்பாரில் நன்றாக ஊறவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துச் சாப்பிடுகிறான். முள் நீக்கிய காசிமேட்டு வஞ்சிரம் இறங்குகிறது, பரோட்டா நின்றுவிடுகிறது. குழாயை மார்பெலும்புக்குப் பின்னால் கொண்டுபோயிருப்பதால், விழுங்கும்போது கழுத்தடியில் தோல் லேசாகப் புடைத்து அடங்கும், கடகடவென்று சத்தமும் வரும். விருந்தாளிகள் முழிப்பார்கள், அவன் கண்டுகொள்வதில்லை.

பெருங்குடலின் நிஜமான செலவு பிற்பாடு வரும். வருடம் போகப்போக அது நீண்டு, வளைந்து, தொய்யலாம். அங்கே உணவு தேங்கினால் வாய் நாறும். சிலருக்கு மறு ஆபரேஷனே தேவைப்படும். தம்பிக்கு இன்னும் அவ்வளவு காலம் ஆகவில்லை, அதனால் இந்த விஷயத்தில் என் பேச்சைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்குவதில் சிரமம் கூடினால் காத்திருக்காமல் பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து, அது இறங்குவதைப் பார்க்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.