சந்தையா, தள்ளுவண்டியா, செயலியா, பண்ணைப் பெட்டியா?

10 கிலோ காய் வாங்கி அதில் 2 கிலோ அழுகிப்போனால், சமைத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 25 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். எந்த ரசீதிலும் இது வராது. 2022-இல் உலகெங்கும் கடை, உணவகம், வீடு மூன்றிலுமாக 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. அதனால் சூப்பர் மார்க்கெட்டுக்கு வெளியே எங்கே வாங்கினாலும், குப்பைக்குப் போனதையும் சேர்த்தே நான் விலை பார்க்கிறேன்.

சந்தையில் கிலோ விலை பெரும்பாலும் குறைவு. தொட்டுப் பார்த்துப் பொறுக்கலாம். போகவர நேரமும் வண்டிச் செலவும் தனி. ஆனால் மலிவாக இருக்கிறதே என்று பை நிறைய அள்ளிவிடுகிறோம், அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

தள்ளுவண்டியில் விலை சற்றுக் கூடலாம். நமக்காக விடியலிலேயே போய் வாங்கி, சுமந்து, தெருத் தெருவாகத் தள்ளி வருகிற உழைப்புக்கான காசு அது. கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. இன்றைக்கு வேண்டியதை மட்டும், கால் கிலோ என்றாலும் வாங்கலாம் என்பதால் வீணாவது மிகக் குறைவு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பறித்த பிறகும் காய் சுவாசிக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த வேகம் இரண்டு, மூன்று மடங்காகும், காயும் சீக்கிரம் வாடும். வெயிலில் நெடுநேரம் நின்ற கீரையை அன்றைக்கே சமைத்துவிடுவது நல்லது.

செயலியில் விநியோகக் கட்டணம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தவிர்க்கக் குறைந்தபட்சத் தொகையை எட்ட வேண்டும் என்று தேவையில்லாத இரண்டு பொருளைச் சேர்க்கிறோமே, அது தெரிவதில்லை. பொறுக்கும் கையும் நம்முடையது இல்லை. ஆனால் படியிறங்க முடியாத முதியவருக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் அந்தக் கட்டணம் நியாயமானதுதான்.

பண்ணையிலிருந்து வாரந்தோறும் வரும் சந்தாப் பெட்டி வேறு ரகம். முன்பணம் கட்டி, விளைச்சல் பொய்த்தால் அந்த நட்டத்திலும் பங்கேற்கும் முறை பல பண்ணைகளில் உண்டு. அமெரிக்காவில் இது 1986-இல் தொடங்கியது. விவசாயியோடு நேராக நிற்பதால் எனக்கு இதன்மேல் பெரிய மதிப்பு. என்ன காய் வரும் என்பதை வயல்தான் முடிவு செய்யும். வந்ததைச் சமைக்கத் தெரிந்த பெரிய குடும்பத்துக்கு இது லாபம். இரண்டு பேர் வீட்டில் பாதி தேங்கிவிடும்.

என்னைக் கேட்டால், வெங்காயம், உருளைக்கிழங்குக்குச் சந்தை. கீரை, தக்காளிக்குத் தள்ளுவண்டி.