ஷிஷ்கின் வழியா, லெவிதான் வழியா?

ரஷ்ய யதார்த்த மரபில் இன்றைக்கு நிலக்காட்சி வரைகிறவர்களின் படங்களைப் பார்த்தால், பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய ஓவியர் ஷிஷ்கினின் சாயல் இருக்கும், இல்லையென்றால் அதே நூற்றாண்டு ஓவியர் லெவிதானின் சாயல். இரண்டு பேருமே ஆளுக்கொரு பாதையை வரைந்திருக்கிறார்கள், இரண்டு படங்களும் மாஸ்கோவின் திரெத்யகோவ் ஓவியக் கூடத்தில்தான் இருக்கின்றன.

ஷிஷ்கினின் 'ரை' (கோதுமை போன்ற ஒரு தானியம்; 1878) படத்தில் முற்றிய கதிர்களுக்கு நடுவே புல் மண்டிய வண்டித்தடம், அதை ஒட்டித் தாழப் பறக்கும் குருவிகள், ஓங்கி நிற்கும் பைன் மரங்கள், அதில் ஒன்று மட்டும் பட்டுப்போய் நிற்கிறது. முன்னால் இருக்கும் கதிர் துல்லியம், தூரத்துக் காடு மங்கல். புகைப்படத்தைப் பார்த்து ஒவ்வொரு இலையையும் ஒரே கூர்மையில் வரைகிற இன்றைய ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

லெவிதானின் 'விளாதிமிர்க்கா' (1892) சைபீரியாவுக்குக் கைதிகளை நடத்திக் கூட்டிப்போன சாலை. படத்தில் கைதி ஒருவர்கூட இல்லை. சாம்பல் வானம், சாலையை ஒட்டியே கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடங்கள், தள்ளி ஒரு பெண்ணின் சிறு உருவம், அவ்வளவுதான், ஆனால் மனசு கனத்துப்போகிறது.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு: மரம் வரையத் தெரியாதவர் பனிமூட்டம் போட்டு ஒப்பேற்றிவிடலாம். அதனால் கைப்பழக்கத்துக்கு ஷிஷ்கினைப் பிடித்துக்கொள்ளுங்கள். சரி, தினமும் பார்க்கிற மாதிரி வீட்டில் மாட்ட ஒன்றுதான் என்றால், நான் யோசிக்காமல் லெவிதான் வழியில் வந்த படத்தைத்தான் எடுப்பேன்.