பென்டிரைவில் போர்ட்டபிள் ஆப்ஸ், லாஞ்சர் மெனு: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

போர்ட்டபிள் ஆப்ஸ் என்பவை கம்ப்யூட்டரில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து நேராக ஓடும் புரோகிராம்கள்; அவற்றை ஒரே பட்டியலில் காட்டித் திறப்பது லாஞ்சர் மெனு. அந்த மெனுவை நிறுவுவது ஐந்து நிமிட வேலை. அடுத்த மழைக்காலம் வரை அது தாங்குமா என்பது அடியில் இருக்கும் பென்டிரைவைப் பொறுத்தது. அதனால் பென்டிரைவிலிருந்தே ஆரம்பிக்கலாம். கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும், புதுச்சேரி முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு பிரவுசிங் சென்டர்களிலும் சொருகிச் சொருகி எடுக்கப் போகிற ஒன்று இது. வீட்டு லேப்டாப்பில் சும்மா கிடக்கும் டிரைவுக்குச் சொல்லும் யோசனைகள் இதற்குப் போதாது.

அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் படிக்கும் வேகம். ஒரு சினிமாவைக் காப்பி பண்ண அது உதவும். போர்ட்டபிள் ஆப்ஸுக்கு வேண்டியது சின்னச் சின்னத் துண்டுகளை அங்கங்கே எழுதும் வேகம். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவச மென்பொருளில் 'ஆர்என்டி 4கே' என்ற வரிசையில் எழுதும் எண்ணைப் பாருங்கள். நொடிக்கு 0.1 எம்பிக்கும் கீழே என்றால் ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு டேபுக்கும் 'நாட் ரெஸ்பாண்டிங்' காட்டும். 1 எம்பிக்கு மேல் வந்தால் நிம்மதியாக ஓட்டலாம். யூஎஸ்பி 3 என்று எழுதியிருந்தும் இந்த எண்ணில் மண்ணைக் கவ்வும் டிரைவ்கள் நிறைய. உள்ளே எஸ்எஸ்டி கன்ட்ரோலர் வைத்த பென்டிரைவ் அல்லது சின்ன போர்ட்டபிள் எஸ்எஸ்டி வாங்க முடிந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

பிளாட்பாரத்தில் 'ஒரு டிபி' என்று அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தொடவே வேண்டாம். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபியாக இருக்கும்; டிரைவை உள்ளிருந்து இயக்கும் ஃபர்ம்வேர் மட்டும் பொய் சொல்லும். உண்மையான கொள்ளளவு முடிந்த பிறகு எழுதுவதெல்லாம் எங்கோ போய்விடும், எரர் கூட வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன புரோகிராம் டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். கடையில் வாங்கியதோ ஆன்லைனில் வாங்கியதோ, புது டிரைவ் என்றால் முதலில் இதை ஓட்டிவிடுவது நல்லது. பெரிய டிரைவ் என்றால் மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி ஓடவிடுங்கள்.

அடுத்தது ஃபார்மேட், அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கும் முறை. ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை, ஆனால் அதிகம் பேர் கவனிக்காத ஒரு ஓட்டை இருக்கிறது. 64 ஜிபி டிரைவை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்யும்போது 'அலொகேஷன் யூனிட் சைஸ்' தானாக 128 கேபி ஆகிவிடும். 2 கேபி ஐகான் ஃபைலும் 128 கேபி இடத்தைப் பிடிக்கும். லிப்ரே ஆபீஸ் போன்றவற்றில் ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல்கள். மொத்தம் பத்தாயிரம் சின்ன ஃபைல் சேர்ந்தால் சுமார் 1.2 ஜிபி காற்றில் போகும். எக்ஸ்ஃபேட் வேண்டும் என்றால் ஃபார்மேட் பெட்டியில் அந்த அளவை 4 அல்லது 8 கேபி என்று நாமே மாற்ற வேண்டும்.

எங்கள் தேர்வு என்டிஎஃப்எஸ். அதற்கு ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு, உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலும் ஃபோல்டர் அமைப்பு சிதறாமல் இருக்க வாய்ப்பு அதிகம். கடை யூபிஎஸ்களின் பேட்டரி லட்சணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிவியில் படம் போட்டுப் பார்க்கவும் இதே டிரைவ்தான் என்றால் சில பழைய டிவி என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்காது. மேக்கில் படிக்கலாம், எழுத முடியாது. இன்னொன்று: இணையத்திலிருந்து இறக்கிய எக்ஸ்இ ஃபைலோடு ஒட்டிவரும் அடையாளத்தை என்டிஎஃப்எஸ் பத்திரமாக வைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கைப் பெட்டி வரும். ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், 'அன்பிளாக்' டிக் செய்தால் போதும்.

இப்போது மெனு. போர்ட்டபிள்ஆப்ஸ்.காம் பிளாட்ஃபார்ம் இன்ஸ்டாலரை ஓட்டி, 'நியூ இன்ஸ்டால்', அதில் 'போர்ட்டபிள்' என்பதைத் தேர்ந்து பென்டிரைவின் வேரை (எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாத மேல்மட்டத்தை) காட்டினால், போர்ட்டபிள்ஆப்ஸ், டாக்குமென்ட்ஸ் என்று இரண்டு ஃபோல்டரும், வெளியே ஸ்டார்ட்.எக்ஸ்இ ஃபைலும் வரும். முடிந்த கையோடு ஆப்ஸ் பட்டியல் ஒன்று திறக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி எல்லாவற்றிலும் டிக் போடத் தோன்றும், போடாதீர்கள். ஒவ்வொரு ஆப்பும் பின்னால் அப்டேட் கேட்கும், வைரஸ் ஸ்கேனில் நேரம் தின்னும், மெனு திறப்பதையும் மெதுவாக்கும். பத்துப் பன்னிரண்டு போதும்.

சொருகியதும் மெனு தானாகத் திறக்காது. விண்டோஸ் 7இலிருந்து யூஎஸ்பி டிரைவில் ஆட்டோரன் வேலை செய்வதில்லை. 2011இல் வந்த அப்டேட்டோடு எக்ஸ்பி, விஸ்டாவிலும் நின்றுவிட்டது. ஆட்டோரன் ஃபைலில் உள்ள ஐகானும் பெயரும் மட்டும் தெரியும். ஸ்டார்ட் ஃபைலை நாமேதான் டபுள் கிளிக் செய்ய வேண்டும். அதுதான் பாதுகாப்பும் கூட.

பட்டியலில் இல்லாத புரோகிராமையும் சேர்க்கலாம். போர்ட்டபிள்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் நேரடியாக எக்ஸ்இ இருந்தால் மெனுவில் தெரியும். இன்னொரு அடுக்கு உள்ளே போனால் தெரியாது. ஒரே ஃபோல்டரில் ஐந்து எக்ஸ்இ இருந்தால் ஐந்தும் வந்து நிற்கும். வேண்டாதவற்றை ரைட் கிளிக் செய்து 'ஹைட்' கொடுங்கள். அதே ரைட் கிளிக்கில் கேட்டகரி, ஃபேவரிட், பெயர் மாற்றம் எல்லாம் உண்டு.

எதை வைப்பது? பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ்தான், குரோம் வேண்டாம். குரோம் பாஸ்வேர்டுகளை விண்டோஸின் டிபிஏபிஐ சாவியால் பூட்டுகிறது, அந்தச் சாவி அந்தக் கம்ப்யூட்டருக்கும் யூசருக்கும் மட்டும் உரியது. கடலூரில் சேமித்த லாகின் புதுச்சேரியில் திறக்காது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சாவியை புரொஃபைல் ஃபோல்டரிலேயே வைத்திருப்பதால் கூடவே வரும். அதனாலேயே பிரைமரி பாஸ்வேர்டு போடாமல் வைக்கக் கூடாது. போர்ட்டபிள் பதிப்பில் 32 பிட், 64 பிட் இரண்டும் சேர்ந்தே இருக்கும். கடைக் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் 7 என்றால் புது ஃபயர்ஃபாக்ஸ் திறக்கவே திறக்காது. அதில் ஓடும் கடைசி வரிசை 115. அந்த இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவு) பதிப்பை இரண்டாவதாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கடைக்காரரின் ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே திறந்திருந்து நம்முடையது முரண்டு பிடித்தால், 'அதர்' ஃபோல்டருக்குள் 'சோர்ஸ்' என்பதில் ஒரு ஐஎன்ஐ (செட்டிங்ஸ்) ஃபைல் கிடக்கும். அதை எடுத்து எக்ஸ்இ பக்கத்தில் வைத்து, 'அலவ் மல்ட்டிப்பிள் இன்ஸ்டன்சஸ்' என்ற வரியில் 'ட்ரூ' என்று மாற்றினால் வழிக்கு வரும்.

பிடிஎஃப்புக்கு சுமத்ரா, சட்டென்று திறக்கும். ஃபைல்களைச் சுருக்க 7-ஜிப், வெறும் எழுத்தைத் திருத்த நோட்பேட் பிளஸ் பிளஸ், பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்க கீபாஸ்எக்ஸ்சி அவசியம். போட்டோவுக்கு இர்ஃபான்வியூ. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட்டோவை 20 முதல் 50 கேபிக்குள்ளும், கையெழுத்தை 10 முதல் 20 கேபிக்குள்ளும் கேட்கும். இர்ஃபான்வியூவில் ரயட் ப்ளக்இன் சேர்த்திருந்தால் ஜேபெக் சேமிக்கும் பெட்டியிலேயே இத்தனை கேபி என்று போட்டுவிடலாம். ஒன்று சொல்ல வேண்டும்: இர்ஃபான்வியூ தனிப்பட்ட உபயோகத்துக்குத்தான் இலவசம். கடை வைத்துக் காசு வாங்கிச் செய்கிறவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் பெரியது, மெதுவாகத் திறக்கும், ஆனால் தவிர்க்க முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடிதம், படிவம் அடிக்க வேண்டியவர்கள் பிரெஞ்சு அகராதியையும் அதிலேயே சேர்த்துக்கொண்டால் கடையில் எதையும் தேடவேண்டியதில்லை.

தமிழ் எழுத்துரு விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய அலுவலக ஃபைல்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும், கடைக் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லையென்றால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். லிப்ரே ஆபீஸ் ஃபோல்டருக்குள் 'ஷேர்', 'ஃபான்ட்ஸ்', 'ட்ரூடைப்' என்று உள்ளே போய் டிடிஎஃப் ஃபைலைப் போட்டால் வேலை செய்யும். ஆனால் அது 'ஆப்' ஃபோல்டரின் உள்ளே இருப்பதால் அடுத்த அப்டேட்டில் துடைத்துப் போய்விடும். மெனுவின் சொந்த 'டேட்டா' ஃபோல்டரில் 'ஃபான்ட்ஸ்' என்று ஒன்றில் வைப்பதே மேல்: மெனு திறக்கும்போது எழுத்துரு ஏறும், மூடும்போது இறங்கும். மெனுவுக்கு முன்பே திறந்துவிட்ட ஆப்பில் தெரியாது; மூடித் திறக்க வேண்டும்.

தட்டச்சுக்கு, விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் போதும், கிளம்பும்போது நீக்கிவிடுங்கள். பழைய விண்டோஸுக்கு, ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓடும் தட்டச்சுப் பக்கம் ஒன்றை டிரைவில் சேமித்து வைத்தால் நெட் இல்லாமலும் எந்த பிரவுசரிலும் திறக்கலாம்.

இனி வைரஸ். கடைகளில் சகஜமானது ஷார்ட்கட் வைரஸ். டிரைவில் உள்ளதையெல்லாம் பெயரில்லாத ஒரு மறைந்த ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, வெளியே அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். ஐகானின் இடது கீழ்மூலையில் குட்டி அம்புக்குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கிளிக் செய்யவே கூடாது. சுத்தமான கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஆட்ரிப் கட்டளையை மைனஸ் எச், மைனஸ் ஆர், மைனஸ் எஸ், கூடவே ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் டி போட்டு ஓட்டினால் மறைந்தவை வெளியே வரும். பிறகு ஷார்ட்கட்களை அழித்துவிட்டு ஸ்கேன் செய்யலாம்.

வராமல் தடுக்க என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு வழி உண்டு. முதலில் போர்ட்டபிள்ஆப்ஸ், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களின் செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு பக்கத்தில் இன்ஹெரிட்டன்ஸை (மேல்மட்டத்து அனுமதி கீழே இறங்குவதை) நிறுத்தி, 'எவ்ரிஒன்' என்பதற்கு முழு அனுமதி கொடுங்கள். அதன்பின் டிரைவின் வேருக்கு மட்டும் 'ரீட் அண்ட் எக்ஸிக்யூட்' என்று குறையுங்கள். வரிசை மாறினால் உள்ளேயும் எழுத முடியாமல் போகும். இப்படிச் செய்தால் வைரஸ் வேரில் ஷார்ட்கட்டோ ஆட்டோரனோ எழுத முடியாமல் நின்றுவிடும். அட்மின் உரிமையோடு ஓடும் வைரஸுக்கு இது தடை ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெனுவின் புதுப் பதிப்பு ஸ்டார்ட் ஃபைலை மாற்றும்போதும் இதே பூட்டு குறுக்கே நிற்கும், அப்போது மட்டும் தளர்த்திவிட்டு மறுபடி பூட்டுங்கள்.

ஆன்டிவைரஸ் எதிர்ப்பக்கத்துத் தலைவலி. பாஸ்வேர்டு மீட்கும் குட்டி டூல்கள், நெட்வொர்க் டூல்கள் இருந்தால் விண்டோஸின் டிஃபெண்டர் கேட்காமலே தூக்கிவிடும். அவற்றைத் தனியாகப் பாஸ்வேர்டு போட்ட 7-ஜிப் பெட்டியில் வையுங்கள். சில கல்லூரி லேப்களில் வெளி டிரைவிலிருந்து எக்ஸ்இ ஓடவே கூடாது என்று பாலிசி போட்டிருப்பார்கள். அங்கே எந்த மெனுவும் செல்லாது. டிரைவர் கேட்கும் எதுவும், அதாவது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி, பிரிண்டர், போர்ட்டபிளாக வராது. டிரைவைப் பூட்டும் வெராகிரிப்ட்டும் அட்மின் உரிமை கேட்பதால் கடைகளில் கைவிடும். சான்றிதழ் ஸ்கேன்களை ஏஇஎஸ்-256 பூட்டுப் போட்ட 7-ஜிப்பில் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். வங்கி வேலையைக் கடைக் கம்ப்யூட்டரில் செய்யவே வேண்டாம். நம் டிரைவ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், தட்டுகிற எழுத்தைப் பதிந்துகொள்வது அந்தக் கம்ப்யூட்டர்.

பிடுங்கும் முன் மெனுவில் உள்ள எஜெக்ட் பட்டனைப் பயன்படுத்துங்கள். விண்டோஸின் எஜெக்ட்டை அழுத்தினால் 'டிரைவ் உபயோகத்தில் இருக்கிறது' என்று வரும். உபயோகிப்பது மெனுவேதான், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். திடீரென்று பிடுங்கினால் ஆப்பின் செட்டிங்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடக்கூடும். டிரைவ் எழுத்து எஃப்பிலிருந்து எச்சாக மாறினால் பெரும்பாலான ஆப்ஸ் தானே திருத்திக்கொள்ளும்.

அப்டேட்டை நேரடியாகப் பென்டிரைவில் செய்வது வேதனை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் அதே மெனுவின் முழு நகலை வைத்து, அங்கே அப்டேட் செய்து, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையின் மிரர் (அப்படியே நகலாக்கும்) வசதியால் போர்ட்டபிள்ஆப்ஸ் ஃபோல்டரை மட்டும் டிரைவுக்குத் தள்ளலாம். ஆனால் முதலில் ஒவ்வொரு ஆப்பின் 'டேட்டா' ஃபோல்டரையும் டிரைவிலிருந்து வீட்டு நகலுக்குக் கொண்டுவர வேண்டும். திசை மாறினால் புது புக்மார்க்கும் பாஸ்வேர்டும் பழையவற்றால் மூடப்பட்டுவிடும். பேக்கப் என்றாலும் டேட்டா ஃபோல்டர்கள்தான் முக்கியம். மற்றதெல்லாம் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

வேறு மெனுக்களில் ஏசூட் எளிமையானது, கைப்பட வரிசைப்படுத்த வசதி. சைமெனு ஆப்ஸ் குவியல் பிரியர்களுக்கு. கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் இருந்தால்தான் ஓடும். அப்டேட் தானாக நடக்க வேண்டும் என்பவர்களுக்குப் போர்ட்டபிள்ஆப்ஸே சரி.

கடைசியாகக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு: டிரைவ் விட்டுவிட்டுத் தெரிந்தால் உடனே ஃபார்மேட் செய்யப் போகாதீர்கள். யூஎஸ்பி முனையின் தகடுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கேபினட்டின் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு மதர்போர்டில் நேராக இருக்கும் பின்பக்க போர்ட்டில் சொருகுங்கள். மூடி இல்லாத டிரைவை ஜிப் கவரில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.