கனடா பாஸ் லூரும் யாழ்ப்பாணக் கொடுவாவும்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

வெளிநாட்டுச் சொந்தக்காரரின் பெட்டியில் சொக்லேட்டோடும் சோப்போடும் இப்போது லூரும், அதாவது மீனை ஏய்த்துப் பிடிக்கிற செயற்கை இரையும், வருகிறது. என் மச்சான் ஒருவர் ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிப் பக்கம் பாஸ் என்ற நன்னீர் மீன் பிடிக்கிறவர். என்னிடம் இருக்கிற லூர்களில் முக்கால்வாசி அவர் கொண்டுவந்து தந்தவை. நன்னீர் மீனுக்கென்று செய்த அந்தச் சாமான்களைப் பல வருடமாக எங்கள் பரவைக்கடலில் (களப்பில்) கொடுவா மீனுக்குப் பாவிக்கிறேன். பண்ணை, அராலி, தொண்டைமானாறு, சங்குப்பிட்டி என்று எங்கே எறிந்தாலும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். லூரின் உடம்பு அருமை. அதில் தொங்குகிற இரும்புக் கொளுக்கி எங்கள் தண்ணிக்கு உதவாது.

பாஸும் கொடுவாவும் வேறு வேறு குடும்பம். வேட்டை மட்டும் ஒரே மாதிரி. இரண்டும் மறைவில் நின்று, பக்கத்தால் போகிற இரையை வாயைப் படாரென்று திறந்து தண்ணியோடு உறிஞ்சி எடுக்கும். அங்கே மூழ்கிக் கிடக்கிற மரம் என்றால் இங்கே கண்டல் வேர், பாலத்துத் தூண், மதகு வாய். அதனால் பாஸுக்குப் போடுகிற அசைவுகளைக் கொடுவாவும் ஏற்றுக்கொள்கிறது.

நான் அதிகம் கட்டியது ரப்பாலா கம்பனியின் எக்ஸ்-ராப் என்ற மீன் வடிவ லூர், 10 செ.மீ. அளவு. பின்லாந்து மீனவர் லவுரி ரப்பாலா 1936ல் தன் முதல் லூரைச் செதுக்கினார். கூட்டமாக ஓடுகிற சின்ன மீன்களில் காயப்பட்டுத் தள்ளாடுவதைத்தான் பெரிய மீன் தேடி அடிக்கிறது என்று அவர் கவனித்திருந்தார். பண்ணையில் மணலை மீன் கூட்டத்தின் ஓரத்தில் இதை இழுத்துப் பார்த்தால் அவர் கண்டது எவ்வளவு சரி என்று தெரியும். இரண்டு சுண்டு சுண்டி, ஒரு நிறுத்தம் விடவேண்டும். அடி பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விழும்.

சிக்கலும் அந்த நிறுத்தத்தில்தான். இழுப்பை விட்டால் தாழாமலும் எழும்பாமலும் நின்ற இடத்திலேயே நிற்கும்படி செய்த லூர் இது. ஏரியில் அப்படித்தான் நிற்கும். கடல் தண்ணி நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டு இரண்டரைப் பங்கு பாரம் கூடியது. அதனால் 13 கிராம் லூரை அது கால் கிராமுக்கு மேலான விசையோடு மேலே தள்ளும். கேட்க ஒன்றுமில்லாத எண் போல இருக்கும். ஆனால் ஏரியில் அசையாமல் நிற்கிற லூர் எங்கள் கடலில் நைஸாக எழும்பி வருவதற்கு அது போதும். காயப்பட்ட மீன் நிற்கிற மாதிரி அப்போது தெரியாது.

இதற்கு மருந்து கொளுக்கியில் இருக்கிறது. லூரோடு வருகிற மும்முனைக் கொளுக்கி மெல்லிய கம்பி. நன்னீருக்கும் பாஸின் இழுப்புக்கும் அது காணும். பரவைக்கடலில் ஒரு இரவு கழுவாமல் விட்டால் விடிய கறள் நிற்கும், நல்ல கொடுவா ஒன்று துள்ளினால் முள் நிமிர்ந்துவிடும். ஆகவே லூர் கைக்கு வந்த அன்றே கொளுக்கியையும் வளையத்தையும் குறட்டால் கழற்றி, உப்புக்கென்று பூச்சுப் போட்ட தடித்தவற்றை மாட்டுகிறேன். கூடுகிற பாரம் அந்த மிதப்பையும் சரிக்கட்டிவிடும். ஒரே வேலையில் இரண்டு குறை தீரும்.

ஆனால் எங்கள் தண்ணி வருடம் முழுக்க ஒரே தண்ணி இல்லை. மாரி வெள்ளம் வந்து தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகள் திறக்கிற கார்த்திகை, மார்கழியில் உப்பு குறைந்து, பாரம் கூட்டிய அதே லூர் தாழப் பார்க்கும். அப்போது பின் கொளுக்கியை ஒரு அளவு சின்னதாக மாற்றுவேன். பங்குனிக்குப் பிறகு வெயில் ஏற, ஆழமில்லாத மூலைகளில் உப்பு கடலையும் தாண்டிப் போகும். திரும்பவும் பெரியது. எறிவதற்கு முன் முழங்கால் தண்ணியில் லூரை விட்டு ஒருக்கா பார்த்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். நிறத்தைப் பற்றி ஆக்கள் மணிக்கணக்கில் கதைக்கிறார்கள். என் அனுபவத்தில் இந்த மிதப்புத்தான் நிறத்தைவிடப் பெரிய விடயம்.

கடற்செடியான சாதாளை மண்டிய இடங்களில் எக்ஸ்-ராப்பை எறிவது வீண். இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு பிடி சாதாளையோடு வரும். அங்கே நான்கு அங்குல மென்பிளாஸ்ரிக் மீன்தான். வளைந்த கழுத்துள்ள அகலக் கொளுக்கியில் கோர்த்து, முனையை அதன் முதுகுச் சதைக்குள் மறைத்துவிட்டால் சாதாளைக்கு மேலால் வழுக்கிக்கொண்டு வரும். பாஸ்காரர் நீர்ச்செடிக்குள் செய்கிற அதே வேலை. கண்ணா மரங்களின் மூச்சுவேர் சேற்றுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற கரைகளிலும், பெருக்கு நேரம் இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை.

பேத்தை மீன்தான் இதற்கு எதிரி. கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி வாலைக் கொண்டுபோய்விடும். இசட்-மான் கம்பனியின் எலாஸ்டெக் என்ற இழுபடும் பொருளில் செய்தவை மற்றவற்றைவிட நீண்ட நாள் நிற்கின்றன, ஆனாலும் பேத்தைக்கு முன்னால் அவையும் தப்பாது. இவற்றைச் சாதாரண மென்பிளாஸ்ரிக்கோடு ஒரே பெட்டியில் போடக்கூடாது. இரண்டும் ஒன்றை ஒன்று தாக்கி இளகி, பசையாகிவிடும். வந்த பையிலேயே விட்டு வைப்பது நல்லது. எங்கள் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டு வைப்பதும் கூடாது.

மேல்தண்ணியில் ஓடுகிற லூரை விடியப்புறமும் பொழுதுபடுகிற நேரமும் மட்டும் எடுப்பேன். காற்று விழுந்து தண்ணி கண்ணாடியாகக் கிடக்கும்போது கொடுவா அதை அடிக்கிற சத்தம் கரை முழுக்கக் கேட்கும். சத்தம் கேட்டவுடன் இழுக்காமல், பாரம் கையில் தெரிந்த பிறகு தடியைத் தூக்கவேண்டும். சோளகக் காற்றுத் தொடங்கினால் அது பெட்டிக்குள்தான்.

நூல் 20 இறாத்தல் தாங்குகிற பின்னல் நூல், நுனியில் ஒரு மீற்றர் அளவுக்கு 40 இறாத்தல் தாங்குகிற தங்கூசி. இந்தத் தங்கூசியைக் குறைக்கவே வேண்டாம். கொடுவாவின் வாய் அரத்தாள் மாதிரிச் சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்பு கத்தி. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்து, சொரசொரத்த துண்டை வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுகிறேன்.

நூல் சுற்றுகிற றீல் 3000 அளவு போதும். பாவிப்பதைவிடக் கழுவுவதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. இங்கே ஒன்று கவனிக்கவேண்டும்: தீவுப் பக்கத்திலும் கரையோரங்களிலும் கனக்கக் கிணறுகள் உவர். உவர்த் தண்ணியில் கழுவினால் காய்ந்த பிறகு உப்புத்தான் மிஞ்சும். வேலணைப் பக்கம் போகிற நாட்களில் வீட்டிலிருந்தே ஒரு போத்தல் நல்ல தண்ணி கொண்டுபோகிறேன். வேகமாகப் பீச்சி அடித்தால் உப்பு உள்ளுக்குப் போகும். மெல்ல ஊற்றி, துடைத்து, நிழலில் காயவிட்டு, கைபிடி மூட்டிலும் நூல் உருளையிலும் ஒரு துளி எண்ணெய் விடவேண்டும். தடியின் வளையங்களையும் மறக்கக்கூடாது.

கம்பு நட்டுக் கட்டுகிற சிறகுவலையும் களங்கண்டியும் நிற்கிற இடத்துக்குக் கிட்ட எறியாதீர்கள். கம்புகளின் நிழலில் மீன் நிற்பது உண்மை. ஆனால் அந்த வலை ஒரு வீட்டின் அடுப்பு. மும்முனை ஒன்று அதில் மாட்டினால் இழுத்துக் கிழிப்பதா, லூரை விடுவதா என்ற கேள்வியே வரக்கூடாது. லூரை விடவேண்டும். இதற்காகவே இப்போது பல லூர்களில் ஒற்றைக் கொளுக்கிக்கு மாறிவிட்டேன். மீனைக் காயமில்லாமல் விடவும் அது சுகம். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்து பெண்ணாகிற மீன். ஒரு மீற்றரை எட்டுகிறவை பெரும்பாலும் சினைக்காரிகள். கறிக்கு இரண்டு மூன்று கிலோ மீன்தான் ருசி, பெரியதை நான் தண்ணிக்கே விடுகிறேன்.

மற்றவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகடு சுழலுகிற ஸ்பின்னர்பெயிட் மாரிக் கலங்கலில் மட்டும் உதவும், கம்பி சீக்கிரம் கறள் பிடிக்கும். தவளை லூரை யாழ்ப்பாணத்தில் கட்டிப் பயனில்லை. இரணைமடுப் பக்கம் விராலுக்குப் போகிற நண்பர் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டேன், அவர் இப்போது வேறு எதுவும் கட்டுவதில்லை.