இரண்டே எழுத்தை வைத்து ஆங்கில விக்சனரியைச் சோதித்தால்

போலந்துக்காரர் ஒருவரிடம் ஏதோ கேட்கிறீர்கள், அவர் 'நொ' என்கிறார். மறுத்துவிட்டார் என்று கிளம்பிவிடாதீர்கள், அவர்கள் பேச்சில் அது 'ம், ஆமா'. இந்த மாதிரி வில்லங்கங்களுக்கு, பல மொழிச் சொற்களுக்கும் ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் இணைய அகராதியான ஆங்கில விக்சனரியை விடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை. 2002 டிசம்பரில் தொடங்கியது, விக்கிப்பீடியாவை நடத்தும் அதே அறக்கட்டளையுடையது, கட்டணமும் இல்லை விளம்பரமும் இல்லை.

மற்ற அகராதிகள் எந்த மொழி என்றுதான் முதலில் கேட்கும். இங்கே எழுத்துக்கூட்டல்தான் எல்லாமே. என், ஓ (no) என்று தட்டினால் போதும், அந்த வடிவம் எந்தெந்த மொழியில் இருக்கிறதோ எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்: ஆங்கிலம் முன்னால், மற்றவை பின்னால் அகரவரிசையில். ஃபின்னிஷ்காரர்கள் 'சரி, அப்புறம்' என்று பேச்சைத் தொடங்க அதைச் சொல்கிறார்கள். ஸ்காட்டிஷ் கேலிக்கில் 'அல்லது'. போர்த்துகீசிய மொழியில் 'எம்' (em), 'ஓ' (o) என்ற இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய நம்முடைய 'இல்' உருபின் வேலையைச் செய்கிறது. லத்தீனில் 'நான் நீந்துகிறேன்'! இரண்டு எழுத்தில் எழுவாயும் பயனிலையும் அடங்கிய முழு வாக்கியம், எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

சொற்பிறப்பும் பெரும்பாலும் கிடைக்கிறது, எது உறவு எது வெறும் தற்செயல் என்று அதில் பிடித்துவிடலாம்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'கிஃப்ட்' சின்ன எழுத்தில் தொடங்கினால் ஆங்கிலப் பரிசும் ஸ்வீடிஷ் விஷமும் வரும் (ஸ்வீடிஷில் அதுவே 'கல்யாணம் ஆனவர்' என்றும் பொருள்படும், யார் செய்த குறும்போ). ஜெர்மன் விஷமோ பெரிய எழுத்தில் தனிப் பக்கம், ஏனென்றால் அங்கே பெயர்ச்சொல் எல்லாமே பெரிய எழுத்தில்தான் தொடங்கும். பக்கத்தின் தலையில் 'இதையும் பார்க்க' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும், அதைத் தவறவிடக் கூடாது.

பெரிய குறை, ஒலியை வைத்துத் தேட முடியாதது. கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம், எல்லை தாண்டி பல்கேரியா போனால் அதே 'நே' இல்லை என்றாகிவிடும். ஆனால் எழுத்து வேறு என்பதால் பக்கமும் வேறு வேறு. வலியைக் குறிக்கும் நம் 'நோ'வுக்கும் அதே கதிதான்.

5க்கு 4 கொடுக்கலாம். தமிழ் விக்சனரி தனியாக இருக்கிறது, ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேட அது போதும். இந்த விளையாட்டுக்கு ஆங்கிலப் பதிப்புக்குத்தான் போக வேண்டும்.