மருந்தடிக்கிறவர்களின் நரம்புக்கு எந்தச் சோதனை காவல்: எலியா, வளர்த்தெடுத்த மனிதத் திசுவா?

மலேசியாவின் பகாவ் வட்டாரத்தில் பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. ஆனால் மருந்தடிக்கிற வேலை மட்டும் போகவில்லை. நம் அம்மாக்களும் சித்திமார்களும் முதுகில் தொட்டி சுமந்து செய்ததை இன்று பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். பேராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு இங்கே 2002-ல் தடை என்றார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. இத்தனை வருட இழுபறியில் என்னை உறுத்துவது ஒரு கேள்வி: ஒரு மருந்து நரம்பைக் கெடுக்குமா, வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தொடுமா என்பதை எதில் சோதித்துப் பார்க்கிறார்கள்?

பழைய வழி எலி. பல நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2007-ல் வகுத்த 426-ஆம் வழிகாட்டி, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நச்சுக்கென்றே உள்ளது. சினை எலிக்கு மருந்து கொடுத்து, பிறக்கும் குட்டிகளின் நடத்தை, நினைவாற்றல், மூளை எடை எல்லாம் பார்ப்பார்கள். ஒரே ஒரு மருந்துக்கு ஏறக்குறைய ஆயிரம் குட்டிகள், பத்து லட்சம் அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவு. அதனால்தான் சந்தையில் இருக்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களில் மிகச் சிலவே இந்தச் சோதனையைக் கண்டிருக்கின்றன.

எலியின் பலத்தை மறைக்கக் கூடாது. அது முழு உடம்பு. குளோர்பைரிஃபாஸ் பூச்சிமருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் அதை ஆக்சான் என்ற வேறொரு பொருளாக மாற்றிய பிறகுதான் நரம்பு நொதியை அது முழு வேகத்தில் முடக்குகிறது. தட்டில் வளரும் நரம்புச் செல்லுக்குக் கல்லீரல் ஏது?

ஆனால் எலி காட்டாமல் விடுவதும் உண்டு. 1982-ல் கலிஃபோர்னியாவில் போலி ஹெராயின் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் திடீரென்று கை கால் விறைத்து, முற்றிய பார்க்கின்சன் நோயாளிகள் போல ஆனார்கள். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்ற நச்சுதான் காரணம் என்று மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழு கண்டறிந்தது. குரங்குக்குக் கொடுத்தால் அதே நோய் வந்தது, எலியோ பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. எம்பிடிபி மூளைக்குள் போய் மாறும் வடிவமும் பேராகுவாட்டும் ரசாயன அமைப்பில் நெருங்கிய உறவு. அமைப்பு ஒத்திருந்தால் மட்டும் குற்றம் நிரூபணமாகிவிடாது, சரி. ஆனால் அமெரிக்காவில் மருந்தடிப்பவர்களிடையே நடந்து 2011-ல் வெளிவந்த ஆய்வில், பேராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு காணப்பட்டது. எலி நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஒரு தொழிலாளிக்கு உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எலி சரியாகக் காட்டினாலும் படிக்கிறவர் நேர்மையாகப் படிக்க வேண்டும். குளோர்பைரிஃபாஸுக்காக 1998-ல் நடந்த எலி ஆய்வின் எண்களை 2018-ல் வெளி ஆய்வாளர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். குறைந்த அளவு கொடுத்த குட்டிகளிலும் சிறுமூளை சிறுத்திருந்தது, ஆனால் முடிவுரையில் அது இடம்பெறவில்லை. மலேசியாவில் அந்த மருந்துக்குத் தடை வந்தது 2023-ல்.

இனி மனிதத் திசு. ஷின்யா யமனாகா 2007-ல் மனிதத் தோல் செல்லை, எந்தச் செல்லாகவும் வளரக்கூடிய மூலச் செல்லாகத் திருப்பிக் காட்டினார், 2012-ல் நோபல் பரிசும் பெற்றார். ஐபிஎஸ் எனப்படும் இந்தச் செல்களைக் கருவிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. நரம்புச் செல்லாக வளர்த்து, அது பிரிகிறதா, நகர்கிறதா, கிளை விடுகிறதா, அடுத்த செல்லோடு இணைகிறதா என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். இப்படிப்பட்ட சோதனைகளின் தொகுப்புக்கு ஓஇசிடி 2023-ல் வழிகாட்டல் வெளியிட்டது. அதிலும் செல்கள் வலைப்பின்னலாக மின்துடிப்பு காட்டும் பகுதிக்கு எலியின் மூளைச் செல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மனிதத் திசுவிலும் இரண்டு போட்டியாளர்கள். ஒன்று, வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் சக ஆய்வாளர்களும் 2013-ல் வளர்த்துக் காட்டிய ஆர்கனாய்டு, அதாவது மூலச் செல்லிலிருந்து வளரும் குட்டி மூளைத் திசு உருண்டை. பட்டாணி அளவுக்கு வளரும், கருவின் மூளைபோல அடுக்குகள் உருவாகும். ஜிக்கா கிருமி கருவின் மூளைச் செல்களை எப்படி அழிக்கிறது என்பதை 2016-ல் இப்படிப்பட்ட திசுக்கள் அழகாகக் காட்டிக்கொடுத்தன. (அதே ஜிக்காவை 1966-லேயே நம் பெந்தோங்கில் பிடித்த கொசுக்களில் கண்டிருக்கிறார்கள்.) ஆனால் இதில் ரத்தக் குழாய் இல்லை, பெரிதானால் நடுப்பகுதி செத்துப்போகும். ஒன்றைப்போல இன்னொன்று வளராது. பத்து உருண்டைக்கு மருந்து கொடுத்தால், மாற்றம் மருந்தால் வந்ததா உருண்டையின் குணத்தால் வந்ததா என்று பிரிப்பதே பெரும்பாடு.

மற்றொன்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹார்டுங் குழு 2016-ல் அறிவித்த சின்ன உருண்டைகள். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான், சுமார் எட்டு வாரத்தில் தயார். நரம்புச் செல்லோடு அதைத் தாங்கும் துணைச் செல்களும் உண்டு, தாமாகவே மின்துடிப்பும் காட்டும். முக்கியமாக, நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி செய்யலாம். நச்சுச் சோதனைக்கு என் ஓட்டு இதற்குத்தான். மூளை எப்படி உருவாகிறது என்று ஆராய்பவர் ஆர்கனாய்டை எடுக்கட்டும். ஒரு மருந்தை எட்டு அளவுகளில், இன்னொரு மருந்தோடு கலந்து, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால் சீரான சின்ன உருண்டை போதும்.

கலப்பு என்று சொன்னது வீணாக இல்லை. தோட்டத்தில் யாரும் ஒற்றை மருந்தைச் சுவாசிப்பதில்லை. களைக்கொல்லி, பூச்சிமருந்து, அதைக் கரைக்கிற திரவம் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே உடம்பில் படுகின்றன. இத்தனை கூட்டுகளையும் எலியில் சோதிக்கப் பணமும் காலமும் எவரிடமும் இருக்காது.

செலவு குறைந்த வரிக்குதிரை மீனும் உண்டு. சில நாட்களில் முழு உயிர் கிடைக்கும், நீந்தும் விதமும் தெரியும். முதல் வடிகட்டலுக்கு நல்லது. மனித மூளைக்குச் சாட்சி சொல்ல அது போதாது.

ஆக, இன்றைய நிலையில் எலியை அடியோடு விலக்கச் சொல்ல மாட்டேன். சின்ன உருண்டைகளில் முதலில் பார்த்து, சந்தேகம் எழுந்தவற்றை மட்டும் விலங்குக்குக் கொண்டுபோவதே என் தேர்வு. கல்லீரல் குறையையும் அடைக்க வழியிருக்கிறது: ஒரே ஆளின் ஐபிஎஸ் செல்லிலிருந்து கல்லீரல் செல்லும் நரம்புத் திசுவும் வளர்த்து, ஒன்றின் திரவம் மற்றொன்றுக்குப் போகும்படி இணைக்கலாம். பூச்சிமருந்தின் ஆக்சானைச் சிதைக்கும் பிஓஎன்1 நொதி ஆளுக்கு ஆள் வேறுபடும், பச்சிளம் குழந்தைக்கு மிகக் குறைவு. ஆகவே யாருடைய செல்லில் சோதிக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். நம் தோட்டத்து மக்களின் ரத்தத்திலிருந்தும் செல்கள் உருவாக வேண்டும். கொடுப்பவருக்கு அவர் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும், முடிவும் அதே மொழியில் அவர் கைக்குப் போக வேண்டும்.